வெள்ளிக்கிழமைப் புள்ளிகள்

மனிதரைத் தலைக்கவசத்தின் நிறத்தால் இரண்டாகப் பிரித்துவிடலாம் என்பதைக் கொழும்பிலிருந்து வந்த மனேஜர் அகீல்தான் கண்டுபிடித்தார். நீலம் போட்டவர் திறனுள்ளவர். மஞ்சள் போட்டவர் திறனற்றவர். இப்படியொரு பிரிப்பைச் செய்யக் கடவுளே இறுதித் தீர்வை நாள்வரை பொறுத்திருக்கிறார். அகீலுக்கு ஒரு திங்கட்கிழமைக் காலையும் ஒரு புரொஜெக்டரும் போதுமாயிருந்தன.

திருகோணமலையில் சீனக்குடாப் பக்கம், உள்துறைமுகத்துத் தண்ணீர் அசைவில்லாமல் கிடக்கும் ஓரத்தில் கம்பனியின் இறங்குதுறை இருந்தது. கோழித்தீவனத்துக்கான சோளம் அங்கேதான் கப்பல் கப்பலாக வந்து இறங்கும். அன்று தகரக் கொட்டகையின் கீழ் கூட்டம். நீலத் தலைகளுக்குக் கதிரை, மஞ்சள் தலைகளுக்கு நிற்க இடம்.

"தொழில்நுட்பத்துக்கு ஒருத்தரும் பயப்படத் தேவையில்லை" என்றார் அகீல், இரண்டு கையையும் விரித்து. "அது திறனுள்ளவரைத் தோளில தூக்கும். மற்றவங்க தங்களைத் தாங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளணும்."

என்ன கேள்வி என்று அவர் சொல்லவில்லை. திரையில் ஓர் அம்பு மேலே போனது, இன்னோர் அம்பு கீழே போனது. மேலே போனதற்கு நீல நிறம்.

முதல் வரிசையில் இருந்த றொபேட் அந்த நீல அம்பை வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தொரு வயது. இருபத்திரண்டு வருடமாக அந்தத் துறையின் முதலாவது கிரேனை ஓட்டுகிறார். பாலையூற்றில் 'கிரேன் றொபேட்' என்று கேட்டால் கடைக்காரர்களே வீட்டுக்கு வழி காட்டுவார்கள். அன்று முதல் அவர் 'பொருளோட்ட நிபுணர், தரம் ஒன்று'. பெயர் கூப்பிட்டதும் எழுந்துபோய், பூசையில் நன்மை வாங்குகிறவரைப்போல இரண்டு கையையும் ஏந்தித் தலைக்கவசத்தை வாங்கினார்.

அடுத்ததாக வாங்கியவர் ஜெமீல். கிண்ணியாக்காரர், றொபேட்டைவிட நாலு வயது மூத்தவர், இரண்டாவது கிரேனை ஓட்டுகிறவர். தலைக்கவசத்தைக் கவிழ்த்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மூளை ஒண்டும் உள்ளுக்கு வெச்சுத் தரல்லியே, தம்பி."

"சும்மா இருங்கோ நானா. மனேஜர் பாக்கிறார்" என்றார் றொபேட். ஜெமீலை அண்ணன் முறை வைத்து 'நானா' என்றுதான் அவர் கூப்பிடுவார்.

கூட்டம் கலையும்போது தவராசா வந்து பக்கத்தில் நின்றார். கப்பலின் அடிவயிற்றில் இறங்கி, கிரேனின் வாய்க்கு எட்டாத மூலைகளில் ஒட்டிக்கிடக்கும் சோளத்தை மண்வெட்டியால் நடுவுக்கு இழுத்துப் போடுகிற பத்துப் பேருக்கு அவர் தலைவர். கப்பல்துறை என்ற ஊர்க்காரர். பத்துத் தலையும் மஞ்சள்.

"றொபேட் அண்ணை, இனி உங்களோட நேர கதைக்கலாமோ, இல்லாட்டி பாஸ்வேர்ட் கேக்குமோ?"

நீலத் தலைக்கவசம் ஏறிய கணத்திலிருந்து றொபேட்டுக்குக் குரலும் கொஞ்சம் தடித்திருந்தது. "பகிடி விடாதேயும் தவம். நீரும் ஏதாவது கோர்ஸ் ஒண்டு செய்யும். காலம் மாறுது. மண்வெட்டியோட இன்னும் எத்தினை நாளைக்கு?"

"கப்பலை உருண்டையாக் கட்டுமட்டும்" என்றார் தவராசா. "மூலை இருக்குமட்டும் நாங்களும் இருப்பம்."

றொபேட் இரக்கத்தோடு சிரித்தார். பிறகு வந்த நாட்களில் அந்தச் சிரிப்பை நினைத்து அவருக்கே காது சுட்டது.

*

இந்தக் கூட்டத்துக்கு ஆறு மாதம் முன்புதான் கிரேன் அறைகள் வானத்திலிருந்து தரைக்கு இறங்கியிருந்தன. அதற்கு முன் றொபேட்டும் ஜெமீலும் நூற்றுச் சொச்சம் இரும்புப்படி ஏறி, ஆளுக்கொரு கண்ணாடிப் பெட்டிக்குள் கச்சான் காற்றிலும் வெயிலிலும் வெந்தபடி வேலை செய்தார்கள். இப்போது துறையின் ஓரத்தில் குளிரூட்டிய ஓர் அறை. அதற்குள் பக்கம் பக்கமாக இரண்டு மேசை, சில்லுப் பூட்டிய இரண்டு கதிரை, சுவர் முழுக்கத் திரைகள், கைப்பிடிகள். கிரேனில் தொங்கும் இரும்பு வாய் கப்பலிலிருந்து கரைக்கு வருவதும், புனலில் சோளத்தைக் கொட்டுவதும், திரும்பிப் போவதும் கம்பியூட்டரின் வேலை. அதற்குப் பிடிபடாத வேலை ஒன்றே ஒன்றுதான்: கடி.

சோளக் குவியலில் எங்கே வாயை இறக்குவது, எவ்வளவு ஆழம் விடுவது, எப்போது மூடுவது என்பதைக் கைதான் அறியும். மேட்டில் கடித்தால் சரிந்து அரைவாய்தான் வரும். ஓரத்தில் கடித்தால் கப்பலின் தகட்டில் இடிக்கும். ஒரு கடிக்கு இருபது செக்கன். பிறகு வாய் தானாகப் போய்த் தானாகத் திரும்பிவர நாற்பது செக்கன். அந்த நாற்பது செக்கனும் நிபுணருக்கு வேலை இல்லை. றொபேட் தலைக்கவசத்தைத் துடைப்பார். ஜெமீல் தஸ்பீஹ் மணி உருட்டுவார்.

இருவருக்குமிடையே பழைய ஏற்பாடு ஒன்றும் இருந்தது. அதை யாரும் எழுதிவைக்கவில்லை, யாரிடமும் கேட்கவுமில்லை. வெள்ளிக்கிழமை மதியம் ஜெமீல் சீனக்குடாப் பள்ளிக்கு ஜும்ஆவுக்குப் போவார். அவரது கிரேன் நிற்கும், றொபேட் தன்னுடையதைக் கொஞ்சம் கூட்டி ஓட்டிச் சமாளிப்பார். ஞாயிறு காலை றொபேட் பூசைக்குப் போவார், ஜெமீல் சமாளிப்பார். போகிறவரிடம் இருக்கிறவர் சொல்லுவது ஒரே வசனம்தான்: "போயிட்டு வாங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன்." திரும்பி வருகிறவர் கையில் ஏதாவது இருக்கும். வெள்ளி என்றால் ஜெமீலின் இறைச்சி ரோல்ஸ், ஞாயிறு என்றால் றொபேட்டின் மீன் பணிஸ். அந்தக் காலத்து ஃபோமன் இதைக் கண்டும் காணாததுபோல இருந்துவிட்டு ஓய்வுபெற்றுப் போனார்.

அறை தரைக்கு வந்த பின் ஒரு வெள்ளிக்கிழமை. ஜெமீல் பள்ளிக்குப் போய்விட்டார். றொபேட்டின் இரும்பு வாய் கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்துக் கதிரை காலி. நாற்பது செக்கன் கையைக் கட்டிக்கொண்டு இருக்க மனம் வரவில்லை. காலால் தரையை ஓர் உந்து உந்தினார். கதிரை உருண்டு இரண்டாவது மேசைக்குப் போனது. கிரேனை இயக்க ஆளுக்கொன்று கொடுத்திருந்த அட்டையில், ஜெமீலுடையது பொறியில் செருகியபடியே இருந்தது. ஜெமீலின் கிரேனால் ஒரு கடி. மறுபடி ஓர் உந்து. தன் மேசைக்கு வந்தபோது தன் வாயும் அப்போதுதான் கப்பலுக்குத் திரும்பியிருந்தது.

ஜும்ஆ முடிந்து வந்த ஜெமீல் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் ரோல்ஸ் பை ஆடியது. "என்ன தம்பி இது? நான் இல்லாட்டி என்ட ஆள் நல்லா வேல செய்றானே!"

அடுத்த ஞாயிறு ஜெமீலும் அதையே செய்தார். சாதாரண நாளில் இரண்டு கிரேனுமாக மணிக்குத் தொண்ணூறு கடி. ஒற்றை ஆளாக றொபேட் தொண்ணூற்றாறு செய்தார், ஜெமீல் தொண்ணூற்றெட்டு. மற்றவன் இல்லாததை யாரும் கண்டுபிடிக்கக்கூடாதே என்ற கவனத்தில் இருவரும் உயிரைக் கொடுத்து ஓட்டினார்கள். எண்ணிக்கை குறைந்தால்தான் விசாரணை வரும் என்று நம்பினார்கள். கூடினாலும் வரும் என்பது இரண்டு நிபுணருக்கும் தோன்றவில்லை.

*

தலைக்கவசக் கூட்டம் முடிந்து இரண்டாவது வாரம் லதுஷா வந்தாள். திருகோணமலைப் பிள்ளைதான். கொழும்பில் படித்துவிட்டுக் கம்பனியில் தரவு பார்க்கும் வேலை. மடிக்கணினியை மேசையில் வைக்கமுன் தன் கைக்குட்டையால் தூசு துடைத்தாள்.

"அங்கிள், ஒரு சின்ன விசயம். பிரச்சினை ஒண்டுமில்லை."

முப்பது வருடமாகச் சோதனைச்சாவடிகளைக் கடந்து கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வந்தவர் ஜெமீல். பிரச்சினை ஒன்றுமில்லை என்று தொடங்குகிறவர்களைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. தஸ்பீஹை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

திரையில் புள்ளிகள். மேல் வரிசை முதலாவது கிரேன், கீழ் வரிசை இரண்டாவது. ஒரு கடிக்கு ஒரு புள்ளி.

"இது செவ்வாய்க்கிழமை. புள்ளியெல்லாம் தாறுமாறா இருக்கு, சில இடத்தில ரெண்டு கிரேனும் ஒரே செக்கனில கடிக்குது. ரெண்டு பேர் வேலை செய்தால் அப்பிடித்தான் இருக்கும்." ஒரு விசையைத் தட்டினாள். "இது வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு பத்திலயிருந்து ஒண்டு இருபதுமட்டும்."

மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே ஒன்று, கீழே ஒன்று. பூட்டிய ஸிப்பின் பற்களைப்போல ஒழுங்காக இருந்தது.

"ஒருக்காக்கூட ரெண்டும் ஒண்டாக் கடிக்கயில்லை. ஞாயிறு காலமையும் இப்பிடித்தான். ஆறு மாசமா."

"அது... கப்பல் ஆடுறதால இருக்கும், பிள்ளை" என்றார் தரம் ஒன்று நிபுணர்.

"வெள்ளிக்கிழமையில மட்டும் ஆடுமா அங்கிள்?" அவள் நக்கலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஜெமீல் தொண்டையைச் செருமினார். "நான் தொழப் போறன், மகள். ஞாயித்துக்கிழமை இவர் பூசைக்குப் போறவர். இருக்கிற ஆள் ரெண்டையும் பாப்பார். குத்தம் எண்டால் என்ட பேரில எழுதுங்க."

"ரெண்டு பேரின்ட பேரிலயும் எழுதும்" என்றார் றொபேட்.

"குற்றமா?" லதுஷாவின் கண் விரிந்தது. "அங்கிள், நீங்கள் கண்டுபிடிச்சிருக்கிறது என்னெண்டு உங்களுக்கே விளங்கயில்லை."

அது உண்மை.

மூன்றாம் நாள் அகீல் கேக்கோடு வந்தார். பேச்சில் அந்த ஏற்பாட்டுக்கு 'வெள்ளிக்கிழமை முறை' என்று பெயர் வைத்தார். சட்டம் போட்ட இரண்டு சான்றிதழ்கள் கொடுத்தார். 'சமய நல்லிணக்கத்தின் ஊடாக உற்பத்தித்திறன்' என்று அதில் பொன்னெழுத்து. மரத்தடியில் நடந்திருந்தால் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட உதவி என்றுதான் அதைச் சொல்லியிருப்பார்கள். குளிரறையில் நடந்தபடியால் அது உற்பத்தித்திறன் ஆகியிருந்தது.

கேக் வெட்டி முடிந்தபின் அகீல் மிச்சத்தையும் சொன்னார். இரண்டு கிரேனுக்கும் சேர்த்து ஒரே மேசை, ஒரே கதிரை. அவை வரும் பெட்டி கப்பலில் ஏறிவிட்டது, நாலு கிழமையில் வந்துவிடும். "அதுவரைக்கும் ரெண்டு பேரையும் கவனிப்போம். யார் இருக்கிறது என்று நாங்க முடிவெடுக்க மாட்டோம். தரவுதான் முடிவெடுக்கும்."

"மற்றாள், சேர்?" என்று கேட்டார் றொபேட்.

"நீங்க ரெண்டு பேரும் திறனுள்ளவங்கதானே? திறனுள்ளவங்களுக்கு வெளியில எவ்வளவு கிராக்கி!"

வெளியில் என்றால் எங்கே என்று றொபேட் யோசித்துப் பார்த்தார். ஒரு கைப்பிடியை ஆட்டிச் சோளம் கடிக்கத் தெரிந்த ஐம்பத்தொரு வயதுக்காரனைத் தோப்பூர்ச் சந்தையில் யார் கேட்பார்கள்? கந்தளாய் வயலில் யார் கேட்பார்கள்? இருபத்திரண்டு வருடத்துத் திறன் முழுவதும் அந்த ஒரு கதிரைக்குள்தான் இருந்தது. கதிரைக்கு வெளியே வந்தால் அவருக்கு ஒரு மண்வெட்டிகூடப் பிடிக்கத் தெரியாது.

வாசலில் தவராசா நின்றார். இந்த முறை பகிடி விடவில்லை.

"எங்கட ஆக்களில எத்தினை பேரை நிப்பாட்டப் போகினமாம், அண்ணை?"

"உங்களில ஒருத்தரும் இல்லையாம். இன்னும் ரெண்டு பேர் எடுக்கப் போகினமாம். கடி கூடினால் மூலை வேலையும் கூடுமாம்."

"சம்பளம்?"

"அது அப்பிடியேதான்."

தவராசா தன் மஞ்சள் தலைக்கவசத்தைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். சந்தோசப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

*

முதல் வெள்ளிக்கிழமை, பள்ளியிலிருந்து பாங்கு காற்றில் வந்தபோது ஜெமீலின் கால் தரையில் ஒருமுறை அசைந்தது. எழும்பவில்லை. "போயிட்டு வாங்கோ நானா" என்று சொல்ல றொபேட் வாயைத் திறந்தார், பிறகு கொட்டாவி விட்டதுபோல மூடினார். அதைச் சொன்னால் 'உன் கிரேனையும் என்னிடம் தந்துவிட்டுப் போ' என்று கேட்டதாகிவிடும். சொல்லாமல் விட்டால் இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

ஞாயிறு றொபேட்டும் பூசைக்குப் போகவில்லை. "கப்பல் அவசரம்" என்று மனைவி சீலாவிடம் சொன்னார்.

பிறகு அந்த அறையில் தண்ணீர் குடிப்பது குறைந்தது. குடித்தால் ஒன்றுக்குப் போகவேண்டும், போனால் மற்றவன் தனியே இருப்பான். கதிரைகள் உருளுவது நின்றது. ரோல்ஸும் மீன் பணிஸும் நின்றன. கதை நின்றது. ஒரு நாள் றொபேட்டுக்குத் தும்மல் வந்தபோது ஜெமீல் திரும்பி அவர் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் முழு நேரமும் உட்கார்ந்து, முழுக் கவனத்தோடு வேலை செய்தார்கள். எண்ணிக்கை தொண்ணூறிலிருந்து எண்பத்துமூன்றுக்கு இறங்கியது. இரண்டு பேர் இருந்தால் ஒருவரைவிடக் குறைவாகத்தான் நடக்கும் என்பதற்கும் இப்போது தரவு கிடைத்தது.

மூன்றாவது வெள்ளியும் அப்படியே போனது. அன்று வேலை முடிந்து நடக்கும்போது ஜெமீல் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்:

"அடுத்தடுத்து மூணு ஜும்ஆ விட்டாச்சு. அப்பிடி விட்டவன்ட உள்ளத்தில அல்லாஹ் முத்திரை குத்திடுவான் எண்டு பள்ளியில சென்னதை ஹுஸ்னியா ஊட்டில சென்னபடியேதான் இரிக்கா. சோத்தை வெச்சுட்டுச் செல்றா. எனக்கு இறங்குதில்ல."

ஹுஸ்னியா அவர் மனைவி. றொபேட்டுக்கும் எத்தனையோ பெருநாளைக்குச் சோறு போட்டவள். ஏதாவது சொல்லவேண்டும் என்று றொபேட் நினைத்துக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்துவிட்டது.

நாலாவது வெள்ளி பன்னிரண்டு ஐந்துக்கு ஜெமீல் எழும்பினார். பையிலிருந்து தொப்பியை எடுத்தார்.

"இண்டைக்கு நான் போறன், தம்பி."

பொறியில் செருகியிருந்த தன் அட்டையைப் பார்த்தார். எடுப்பதா விடுவதா என்று விரல் ஒரு கணம் அதன்மேல் நின்றது. எடுக்கவில்லை.

"உங்கட மனசுக்குப் பட்டதைச் செய்ங்க" என்றார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

றொபேட் இரண்டாவது மேசையைப் பார்த்தார். ஜெமீலின் கிரேனை நிற்கவிட்டால், ஜெமீல் வேலை நேரத்தில் காணாமல் போனதாகப் பதிவாகும். மெதுவாக ஓட்டினால் ஜெமீலும் மோசம், தானும் மோசம். நன்றாக ஓட்டினால் ஒரே கதிரை போதும் என்பதும், அந்தக் கதிரை யாருடையது என்பதும் முடிவாகிவிடும். நேற்றுவரை உதவியாக இருந்த ஒரு காரியம், ஒரு விரலும் மாறாமல், இன்று வேறொன்றாகியிருந்தது.

மெதுவாக ஓட்டுவது என்று தீர்மானித்தார். அந்தத் தீர்மானம் அவருக்கே பிடித்திருந்தது. தன்னை ஒரு நல்ல மனிதனாகக் கண்டார்.

காலால் உந்தினார். முதல் கடியை வேண்டுமென்றே மேட்டில் வைத்தார். வாய் அரைவாசி நிறைந்து, விளிம்பால் சோளம் சிந்தச் சிந்த எழுந்தது. திரையின் ஓரத்தில், கப்பலின் மேல்தட்டில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற தவராசா அண்ணாந்து பார்த்தார். பக்கத்தில் நின்றவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். கமெராவுக்குச் சத்தம் இல்லை. அவர் சொன்னது மழையைப் பற்றியோ மருமகனைப் பற்றியோ இருந்திருக்கலாம். ஆனால் றொபேட்டுக்குத் தெளிவாகக் கேட்டது: கிரேன் றொபேட்டுக்குக் கடிக்கத் தெரியாமல் போயிற்றாம்.

அடுத்த கடி முழுவாய். அதற்கடுத்ததும். கால் உந்தியது, கதிரை உருண்டது, கை வளைந்தது. ஒரு மணி ஆகும்போது தான் யாருக்கு எதிராக ஓட்டுகிறார் என்பதை அவர் மறந்திருந்தார். மணிக்கு நூற்றுநாலு. அந்தத் துறையில் அதற்கு முன் யாரும் அந்த எண்ணைக் கண்டதில்லை.

ஒன்றரை மணிக்கு ஜெமீல் வந்தார். கையில் எண்ணெய் ஊறிய கடதாசிப் பை. திரையைப் பார்த்தார். பையிலிருந்து ஒரு ரோல்ஸை எடுத்து, துண்டுக் கடதாசி விரித்து, றொபேட்டின் மேசையில் வைத்தார்.

"நல்லா ஓட்டியிருக்கீங்க, தம்பி."

"நானா, நான் மெதுவாத்தான் துவங்கினனான்..."

"சாப்பிடுங்க. ஆறிடும்."

அவர் ஏசியிருந்தால் பரவாயில்லை. றொபேட்டுக்குப் பசித்தது. தின்றார். ருசியாகத்தான் இருந்தது. அதை அவரால் மன்னிக்க முடியவில்லை.

சனிக்கிழமை லதுஷாவின் செய்தி இருவரின் தொலைபேசிக்கும் ஒன்றாக வந்தது. அவள் பக்கம் சாயாத பிள்ளை. 'றொபேட் அங்கிள் 104! வாழ்த்துகள். நாளைக்குத்தான் கடைசி நாள். நாளை காலமை றொபேட் அங்கிள் பூசைக்குப் போனால் ஜெமீல் அங்கிளின்ட எண்ணிக்கையும் கிடைக்கும். ஒப்பிட வசதியாக இருக்கும்.' கடைசியில் ஒரு சிவப்பு இதயம்.

*

அந்த ஞாயிறு றொபேட்டின் மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். கடைசிப் பிள்ளை, பத்து வயது, மெலிஷா. வெள்ளைச் சட்டை ஒரு மாதமாக அலுமாரிக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏழு மணிக்குப் பூசை. "ஏழுக்குப் பத்து நிமிசம் இருக்கேக்க கோயில் வாசலில நிப்பன்" என்று றொபேட் பிள்ளையின் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டு ஐந்தரைக்கு வேலைக்கு வந்திருந்தார். வேலை உடுப்புக்குள் ஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டும் போட்டிருந்தார்.

ஆறு முப்பத்தைந்து. ஜெமீல் கதிரையில் திரும்பினார்.

"தம்பி, நேரமாகுது. மகள்ட நாள். போயிட்டு வாங்க, நான் பாத்துக்கொள்ளுறன்."

எத்தனையோ ஞாயிறு கேட்ட வசனம். றொபேட் அந்தக் குரலில் ஒரு மாற்றத்தைத் தேடினார். பொறாமை, ஆத்திரம், தந்திரம், ஏதாவது ஒன்று அகப்பட்டால் போதும், நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் இந்த அறையில் தனியே விடப்பட்ட மனிதன் என்ன செய்வான் என்பது அவருக்குத் தெரியும். நல்லவனாக இருப்பதென்று தீர்மானித்துவிட்டுத்தான் செய்வான். அப்படி ஒருவனை அவர் வெள்ளிக்கிழமைதான் பார்த்திருந்தார்.

"இல்லை நானா. ரெண்டாம் பூசைக்குப் போறன்."

புதுநன்மைக்கு இரண்டாம் பூசை இல்லை என்பது இருவருக்கும் தெரியும். ஜெமீலின் மூத்த மகனின் கலியாணத்துக்கு றொபேட் பந்தல் கட்டியவர். றொபேட்டின் மூத்த பிள்ளையின் புதுநன்மை விருந்தில் ஜெமீல் முன்வரிசையில் இருந்து சாப்பிட்டவர். ஜெமீல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை பாத்துக்கொண்டிருக்கும், றொபேட்" என்றார்.

றொபேட் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு கடி வைத்தார்.

ஏழு பத்துக்குத் தொலைபேசி மேசையில் அதிர்ந்தது. சீலா. நின்றது. மறுபடி அதிர்ந்தது. பிறகு ஒரு குரல்பதிவு. கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்காமல், விரல் நுனியால் தட்டிக் கேட்டார். பின்னணியில் பாட்டு. "வரிசையில நிக்கிறாள். திரும்பித் திரும்பி வாசலைத்தான் பாக்கிறாள். எங்க நிக்கிறீங்கள்?" தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

எட்டு மணிக்குச் சற்று முன் துறையின் படலை திறந்தது. ஒரு லொறி வந்தது. பெட்டியை இறக்க மெசின் ஏதும் ஒழுங்கு செய்திருக்கவில்லை. மஞ்சள் தலைகள் நாலு பேர் கூப்பிடப்பட்டார்கள். அவர்கள் பலகையை உடைத்து, கதிரையை மட்டும் முதலில் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து வருவது திரையில் தெரிந்தது. மேலே பொலித்தீன் சுற்றியிருந்தது. சாய்மானம் ஆள் உயரம் இருந்தது. நாலு பேர் தூக்கிவர அது ஏதோ சுவாமி ஊர்வலம்போலவும் இருந்தது, பாடைபோலவும் இருந்தது.

கதவு திறந்தது. தவராசாவின் முகத்தில் வியர்வை.

"அண்ணை, நானா, இதை எங்க வைக்கிறது? ஆராவது ஒராள் எழும்பினால்தான் இடம் வரும்."

அந்தச் செக்கனில் இரண்டு கிரேனும் ஒன்றாகக் கடித்தன. எங்கோ ஒரு கணினியில் இரண்டு புள்ளிகள் ஒன்றின்கீழ் ஒன்றாக விழுந்திருக்கும்.

ஜெமீல் எழும்பினார். தன் கதிரையைத் தானே தள்ளிச் சுவரோரம் விட்டார். தவராசாவுக்குக் கைகொடுத்துப் புதியதை உள்ளே இழுத்தார். அதன் இருக்கையைக் கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"மெத்தெண்டு இரிக்கி, தம்பி. முதுகுக்கு நல்லது."

தொப்பியும் தஸ்பீஹும் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு வெளியே போனார். அட்டையை எடுக்கவில்லை. போயிட்டு வாறன் என்றும் சொல்லவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு தவராசா அப்படியே நின்றார், குளிர் வெளியே போய்க்கொண்டிருந்தது.

திரையில் இரண்டாவது கிரேனின் இரும்பு வாய் கரையில் கொட்டிவிட்டுத் தானாகத் திரும்பி வந்தது. சோளத்துக்கு மேலே வாயைத் திறந்தபடி, கடிக்க ஆளில்லாமல் தொங்கியது. றொபேட்டின் வாய் இன்னும் கரையில் இருந்தது. அது வர நாற்பது செக்கன்.

கவிழ்ந்து கிடந்த தொலைபேசி மறுபடி அதிர்ந்தது.

றொபேட் அதை எடுக்கத்தான் நினைத்தார். அதற்கு முன் அவருடைய கால் தரையை உந்தியது.